பணமும் தீர்ப்பும் வந்து சேராதபோது: பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு?

நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்குவது குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் சட்ட அமைச்சகத்தின் பதிலில் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வருகிறது: வழக்குகளை முடித்துவைப்பது நீதித்துறையின் அதிகார வரம்புக்குள் வருவது, அதில் அரசுக்கு நேரடிப் பங்கில்லை. மீனவர் நலத்திட்டப் பணம் பற்றிக் கேட்டால், மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மத்தியப் பங்கு விடுவிக்கப்பட்டுவிட்டது என்பார்கள். உர மானியம், பயிர்க் காப்பீடு என்று போனால், ஒதுக்கீடு இவ்வளவு, பயனாளிகள் இத்தனை பேர் என்று ஓர் அட்டவணை வரும்.

மூன்று பதில்களும் பெரும்பாலும் சட்டப்படி சரியானவை. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பது மட்டும் மூன்றிலும் இருக்காது.

அரசைப் பதில் சொல்ல வைப்பது எப்படி என்ற கேள்விக்கு இந்தியாவில் குறைந்தது நூறாண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. நீதிமன்றத் தாமதம், மீனவர் நிதி, வேளாண் மானியம் ஆகிய மூன்று துறைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்த விடைகளின் வலிமையும் குறைகளும் தெளிவாகின்றன. முதல் துறையில் தாமதமாவது தீர்ப்பு. மற்ற இரண்டிலும் பணம். மூன்றிலுமே ஒருவரிடம் அதிகாரமும், இன்னொருவரிடம் நிதியும், மூன்றாமவரிடம் பதில் சொல்லும் கடமையும் இருக்கின்றன.

கேள்வியின் வயது

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகவே அதிகம் பேசப்படுகின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்ற விதியும் அவற்றில் உண்டு. இதைக் குடியாட்சியின் முன்னோடி என்று உயர்த்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நிலமும் கல்வியும் உடைய பிராமணர் சபையின் உள் ஒழுங்கு. கணக்குக் கேட்கும் உரிமை ஊரார் எல்லோருக்கும் இருந்ததாகக் கொள்ள அதில் இடமில்லை.

இன்றைய வடிவில் கேள்வி ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்குகிறது. உரிமையியல் வழக்குகளின் தாமதத்தை ஆராய நீதிபதி ராங்கின் தலைமையில் 1924-இல் ஒரு குழு அமைந்தது. விடுதலைக்குப் பின் 1949-இல் நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் குழு, 1958-இல் எம்.சி.செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை, 1970-களின் இறுதியில் 77, 79-ஆவது அறிக்கைகள், பிறகு மளிமத் குழு என்று வரிசை நீள்கிறது. இவற்றை அடுத்தடுத்துப் படிக்கும்போது பரிந்துரைகள் பெருமளவு ஒத்திருப்பது தெரியும். வாய்தாவைக் குறை, காலியிடத்தை நிரப்பு, மேல்முறையீட்டைக் கட்டுப்படுத்து. நோய் என்னவென்று தெரியவில்லை என்ற சாக்குக்கு 1958-க்குப் பிறகு இடமில்லை.

பொதுப்பணத்தின் பக்கம், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப்பொறுப்பு உடையது என்கிறது அரசமைப்பின் 75(3) பிரிவு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளை அவைமுன் வைக்கச் சொல்கிறது 151-ஆவது பிரிவு. ஊழல் தடுப்புக்கான சந்தானம் குழு, 1966-இலும் 2005-இலும் அமைந்த இரு நிர்வாகச் சீர்திருத்த ஆணையங்கள் ஆகியவை இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை. இந்த நெடிய விவாதத்திலிருந்து ஐந்து நிலைப்பாடுகளைப் பிரித்தெடுக்கலாம்.

ஆளும் பணமும் போதவில்லை என்ற விளக்கம்

முதல் நிலைப்பாட்டின்படி, தாமதத்துக்குக் காரணம் பற்றாக்குறை. 10 லட்சம் மக்களுக்கு 10.5 நீதிபதிகள் இருந்த நிலையை 50 ஆக உயர்த்த வேண்டும் என்று 1987-இல் சட்ட ஆணையத்தின் 120-ஆவது அறிக்கை சொன்னது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அதை ஐந்தாண்டுகளில் நிறைவேற்றச் சொன்னது. இன்றைய விகிதம் 21 அளவில் நிற்கிறது. எல்லா அடுக்குகளிலுமாக 5 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளன.

இந்த விளக்கத்தின் பலவீனம் அதற்குள்ளேயே இருக்கிறது. மாவட்ட நீதிமன்றங்களில் ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், உயர் நீதிமன்றங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் காலியாகக் கிடக்கின்றன. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை ஒரு கணக்குப் போட்டது. புதிதாக வரும் வழக்குகளின் அளவுக்காவது வழக்குகளை முடிக்க, கீழமை நீதிமன்றங்களில் 2,279 பேரும் உயர் நீதிமன்றங்களில் 93 பேரும் உச்ச நீதிமன்றத்தில் ஒருவரும் கூடுதலாக இருந்தால் போதும் என்றது அது. புதுப் பணியிடங்களே தேவையில்லை, இருப்பதை நிரப்பினாலே போதும் என்பதுதான் இதன் பொருள். நீதிபதி கூடினால் முடியும் வழக்கும் அதே விகிதத்தில் கூடும் என்ற அனுமானம் அந்தக் கணக்கில் இருக்கிறது. அது எல்லா இடங்களிலும் செல்லும் என்று சொல்ல முடியாது. மக்கள்தொகை விகிதத்தை அளவுகோலாக வைப்பதையே சட்ட ஆணையத்தின் 245-ஆவது அறிக்கை 2014-இல் கேள்விக்கு உள்ளாக்கியது. வழக்கு முடியும் வேகத்தைக் கொண்டே தேவையைக் கணிக்க வேண்டும் என்பது அதன் வாதம்.

காலியிடங்கள் ஏன் நிரம்புவதில்லை என்று கேட்டால் பற்றாக்குறை விளக்கம் தடுமாறுகிறது. உயர் நீதிமன்ற நியமனங்கள் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே நிற்கின்றன. 2015-இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பான பிறகு, நியமன நடைமுறைக் குறிப்பாணையைத் திருத்துவதில் இரு தரப்புக்கும் உடன்பாடு வரவில்லை. மாவட்ட நியமனங்கள் உயர் நீதிமன்றங்களையும் மாநில அரசுகளையும் சார்ந்தவை. 2000-இல் 11-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரையின் பேரில் 1,734 விரைவு நீதிமன்றங்களுக்கு மத்திய நிதி வந்தது. 2011 மார்ச்சோடு நின்றது. இப்படிப் பார்த்தால் பற்றாக்குறை என்பதே பல நேரங்களில் யாரோ எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட, முடிவின் விளைவு.

மீன்வளத்தில் பற்றாக்குறை வேறு உருவம் எடுக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 20,050 கோடி ரூபாய்த் திட்டமாக அறிவிக்கப்பட்டது. அதில் மத்தியப் பங்கு 9,407 கோடி; மாநிலங்களின் பங்கு 4,880 கோடி; மீதமுள்ள 5,763 கோடி பயனாளிகளே போட வேண்டியது. தலைப்பில் வரும் தொகையில் கால்பங்குக்கும் மேல் மீனவர் கைப்பணம், அல்லது அவர் வாங்கும் கடன். அரசு செலவழிக்கத் தவறியதா, பயனாளி தன் பங்கைத் திரட்ட முடியவில்லையா என்பது மொத்தத் தொகையைப் பார்த்தால் தெரியாது.

வேளாண்மையிலோ பற்றாக்குறை வாதம் ஏறக்குறைய எடுபடாது. 2022-23-இல் உர மானியம் மட்டும் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. அவ்வளவு பணமும் யாருக்காக, எந்தப் பலனுக்காகச் செலவானது என்பதே அங்கே கேள்வி.

வழியில் கசிகிறது என்ற விளக்கம்

டெல்லியில் புறப்படும் ஒரு ரூபாயில் 15 காசுதான் ஏழையிடம் சேர்கிறது என்று ராஜீவ் காந்தி 1985-இல் சொன்னதாக மேற்கோள் காட்டாத மானிய விவாதம் அரிது. அது ஓர் அரசியல் கூற்று, ஆய்வின் முடிவன்று. ஆனாலும் இடைத்தரகரை நீக்கிப் பணத்தை நேரே வங்கிக் கணக்கில் போட்டால் பொறுப்புச் சிக்கல் தீரும் என்ற நிலைப்பாட்டுக்கு அது வித்தாக அமைந்தது. ஆதார், நேரடிப் பயன் மாற்றம், 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம்-கிசான் ஆகியவை இந்த நம்பிக்கையின் பிள்ளைகள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் கணக்கில் விழுவதைக் கோடிக்கணக்கான உழவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 2020-இல் வெளிவந்த முறைகேடு இந்த வாதத்தின் எல்லையையும் காட்டியது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் லட்சக்கணக்கான தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, 100 கோடி ரூபாய்க்கும் மேல் போனதாக அரசே அறிவித்தது. அலுவலகப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போனதுதான் வழி. முன்பு தாசில்தார் மேசையைச் சுற்றி நின்ற தரகர் இப்போது கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தார்.

எதிர்ப்பக்கம் விடுபட்டோரின் பிரச்சினை. ஜான் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளியலாளர்கள், கசிவை அடைக்கும் முயற்சியில் தகுதியுள்ளோர் வெளியே தள்ளப்படுவதைத் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார்கள். பிஎம்-கிசானில் நில உடைமைதான் தகுதி. பட்டா தன் பெயரில் இல்லாத குத்தகை உழவருக்கு இடமில்லை. காவிரிப் படுகையில் வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் கசிவுக் கணக்கிலும் வர மாட்டார், பயனாளிக் கணக்கிலும் வர மாட்டார்.

நேரடி மாற்றம் என்ற பெயரும் எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. 2018 முதல் உரக்கடையில் கைரேகை வைத்து மூட்டை வாங்கும் முறை நாடு முழுவதும் வந்துவிட்டது. எனினும் மானியம் போவது உர நிறுவனத்துக்கு. 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்கும் உழவர் தம் பெயரில் எவ்வளவு மானியம் எழுதப்பட்டது என்று அறிய வேண்டிய தேவையே எழுவதில்லை. 2010-இல் மற்ற உரங்கள் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத்துக்கு மாறியபோது யூரியா விலக்கி வைக்கப்பட்டது. அதன் விளைவான தழைச்சத்து மிகுதியை எல்லா அரசுகளும் அறியும்; விலையைத் தொடும் துணிவு எதற்கும் வரவில்லை.

தமிழ்நாட்டின் கட்டணமில்லா வேளாண் மின்சாரமும் இதற்கு நெருங்கியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளுக்கு மீட்டர் இல்லை. பயன்பாடு குதிரைத்திறனையும் மாதிரி அளவீட்டையும் வைத்து மதிப்பிடப்படுகிறது. மின்வாரியத்தின் இழப்பில் ஒரு பகுதி உழவர் கணக்கில் எழுதப்படுகிறதா என்ற ஐயத்தைத் தீர்க்க வழியில்லை. மீட்டர் வைத்தால் நாளை கட்டணம் வரும் என்று உழவர் சங்கங்கள் அஞ்சுவதும் காரணமில்லாததன்று. 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவையில் தொடங்கிய போராட்டத்தின் நினைவு அவர்களுக்கு உண்டு. கணக்குக் கேட்பதே சலுகையைப் பறிக்கும் முன்னோட்டம் என்ற அச்சம் இருக்கும்வரை அளவீட்டுக்கு ஆதரவு திரளாது.

அவையும் தணிக்கையும் போதும் என்ற வாதம்

மூன்றாவது நிலைப்பாடு அரசமைப்பின் மரபு வழியை நம்புகிறது. கேள்வி நேரம், துறைசார் நிலைக்குழுக்கள், பொதுக்கணக்குக் குழு, தணிக்கையாளர் ஆகியோர் தம் வேலையைச் செய்தால் வேறொன்றும் வேண்டாம் என்கிறது.

தணிக்கை சரியாக நடந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2008-இன் வேளாண் கடன் தள்ளுபடி சான்று. 2013-இல் வெளியான தணிக்கை அறிக்கை, 90,576 கணக்குகளைச் சோதித்து அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறை கண்டது. தகுதியுள்ளோர் விடுபட்டிருந்தனர், தகுதியற்றோர் பயன் பெற்றிருந்தனர், சில ஆவணங்கள் திருத்தப்பட்டிருந்தன. ஆனால் அறிக்கை வந்தது திட்டம் அறிவித்து ஐந்தாண்டுகள் கழித்து. விடுபட்ட சிறு உழவர் அதற்குள் கந்துவட்டிக்குப் போயிருக்கலாம். தணிக்கை இயல்பிலேயே நடந்து முடிந்ததைப் பேசுவது. தாமதம் என்பது நடந்துகொண்டிருக்கும்போதே தடுக்க வேண்டியது.

மத்திய அரசு தொடர்பான தணிக்கை அறிக்கைகளின் எண்ணிக்கை 2015-இல் 55 ஆக இருந்து 2020-இல் 14 ஆகக் குறைந்ததாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெறப்பட்ட விவரம் நாளிதழில் வெளிவந்தது. 2023 மார்ச்சில் மக்களவை அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை விவாதமின்றி நிறைவேற்றியது. 2020 மழைக்காலத் தொடரில் கேள்வி நேரமே இல்லை. அமைச்சர் அவையில் தரும் வாக்குறுதியை மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழு உண்டு என்ற ஏற்பாடு நல்லதே. அதன் அறிக்கைகளில் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருக்கும் வாக்குறுதிகளின் பட்டியலையும் காணலாம்.

இன்னொரு குறை அமைப்பு சார்ந்தது. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்து மூலக் கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. எழுத்து மூலப் பதிலுக்குத் துணைக்கேள்வி கிடையாது. அனுமதித்த தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை ஆகிய மூன்றில் எது பெரிதோ அதை முன்வைத்துவிட்டு அமைச்சகம் நகர்ந்துவிட முடிகிறது.

பாக் நீரிணைத் திட்டம் இதற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு. 2017-இல் தமிழ்நாட்டின் 2,000 இழுவைமடிப் படகுகளை மூன்றாண்டுகளில் விலக்கி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு படகின் விலை 80 லட்சம். அதில் மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, உரிமையாளர் 10. அதே ஆண்டு இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்திருந்ததால் அவசரமும் இருந்தது. எட்டப்பட்டது இலக்கில் மிகச் சிறிய பங்கு. பல நாள் கடலில் தங்கும் பயணத்துக்கான டீசல், ஐஸ் செலவு, ஆயிரங்கால் தூண்டிலும் செவுள்வலையும் கையாளும் பழக்கமின்மை, வங்கிகளின் தயக்கம், சொந்தப் படகை ஒப்படைக்க வேண்டிய நிபந்தனை எனக் காரணங்கள் பல. படகில் பங்குக்குப் போகும் தொழிலாளிக்குத் திட்டத்தில் தனி இடமே இல்லை. ஆனால் நாடாளுமன்றத்தில் கேட்டால் விடுவித்த தொகையைச் சொல்லிவிடலாம். நீரிணையில் இழுவைமடி எவ்வளவு குறைந்தது என்ற, திட்டத்தின் நோக்கத்தையே தொடும் கேள்விக்கு எந்தத் துறையும் தனித்துப் பதில் சொல்லும் கடமையில் இல்லை.

கேட்க வேண்டியவர்கள் மக்களே என்ற வழி

1990-களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணைக் கூட்டங்கள் இன்னொரு மரபைத் தொடங்கின. ஊர்ப் பொதுவில் கூலிப் பட்டியலை உரக்கப் படித்தால் செத்தவர் பெயரில் எழுதிய கூலி அங்கேயே வெளிப்படும். 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கும், ஊரக வேலை உறுதிச் சட்டம் 17-ஆவது பிரிவில் கட்டாயமாக்கிய சமூகத் தணிக்கைக்கும் இதில் வேர் உண்டு. பின்னாளில் ஆந்திரம் சமூகத் தணிக்கைக்கெனத் தனி அமைப்பையே உருவாக்கியது.

இந்த வழியின் வலிமை அது கேட்பவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒன்றாக்குவது. குறைகளும் தெளிவானவை. சமூகத் தணிக்கை கண்டுபிடித்த முறைகேட்டுப் பணத்தில் மீட்கப்படுவது சிறு பங்குதான் என்பது நெடுநாள் குறை. மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தும் கூட்டுறவுச் சங்கமும் கேள்வி கேட்கும் வலு உடையவை. ஆனால் அவற்றில் படகு உரிமையாளரின் குரல் தொழிலாளியின் குரலையும் மீன் விற்கும் பெண்ணின் குரலையும் விட ஓங்கி ஒலிக்கிறது. மக்கள் என்பது ஒரே குரல் என்று எடுத்துக்கொண்டால், யாருக்குக் கணக்குக் காட்டப்படுகிறது என்ற கேள்வி விடுபட்டுப் போகும்.

சட்டத்தின் பக்கம் புதிய சிக்கலும் வந்துள்ளது. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் விலக்கைத் திருத்தியது. பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. பொதுவான பொதுநல விதி ஒன்று வேறு பிரிவில் இருப்பதால் இழப்பு பெரிதல்ல என்கிறது அரசு. பயனாளிப் பட்டியலைப் பெறுவதே இனிக் கடினமாகும் என்கிறார்கள் தகவல் உரிமை ஆர்வலர்கள்.

நீதிமன்றம் தலையிடட்டும் என்ற நம்பிக்கை

பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் வழக்கில், விரைந்த விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அது முதல், நிர்வாகம் தவறினால் நீதிமன்றம் கெடு விதிக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

நீதிமன்றம் தன் வீட்டுக்குள் கெடு விதிக்க முயன்றபோது என்ன நேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2002-இல் திருத்தப்பட்ட உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்றது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றாலும், தரப்பினரின் கைமீறிய சூழலில் விலக்குத் தரலாம் என்றது. நியாயமான விலக்கு, ஆனால் நடைமுறையில் விலக்கே வழக்கமாயிற்று. குற்ற வழக்குகளுக்கு வெளிவரம்பு நாள் குறிக்க முடியாது என்று 2002-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

தீர்ப்பு வந்தாலும் பலன் கைக்கு வருவது வேறு கதை. தமிழ்நாட்டில் எழுந்த ஒரு நில விற்பனை வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னது. பிறகு திரட்டிய கணக்கில் நாடு முழுவதும் 8.8 லட்சம் நிறைவேற்று மனுக்கள் நிலுவையில் இருப்பது தெரிந்தது. உயர் நீதிமன்றங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட அவமதிப்பு வழக்குகள் கிடக்கின்றன. அவற்றில் எல்லாமும் அரசுக்கு எதிரானவை என்று சொல்ல முடியாது. என்றாலும் உத்தரவு போட்டும் நடக்கவில்லை என்ற புகார் எவ்வளவு பெரிது என்பதற்கு அந்த எண் சான்று.

அரசே பெரிய வழக்காடி என்பதும் இங்கே சேர்கிறது. நிலுவையில் ஏறத்தாழப் பாதி அரசு தொடர்பானவை என்று அரசு ஆவணங்களிலேயே சொல்லப்பட்டதுண்டு. கணக்கிடும் முறை ஒரு சீராக இல்லாததால் அந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2010-இல் தேசிய வழக்காடல் கொள்கை அறிவிக்கப்பட்டும் நடைமுறைக்கு வரவில்லை. 2025-இல் அதற்குப் பதிலாக அமைச்சகங்களுக்கான வழிகாட்டு உத்தரவு வந்தது. வழக்குகள் முடிவதில் தனக்குப் பங்கில்லை என்று அவையில் சொல்லும் அரசு, வழக்கு மன்றத்தில் மிகப் பெரிய தரப்பாக நிற்கிறது.

துண்டு துண்டான பொறுப்பு

ஐந்து நிலைப்பாடுகளும் தாமதத்துக்கு ஒரே உரிமையாளர் இருக்கிறார், அவரைப் பிடித்தால் போதும் என்று எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் தாமதம் கைமாறும் இடங்களில் பிறக்கிறது.

படுகை மாவட்டத்தில் சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யும் உழவரை எடுத்துக்கொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகலோடு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காட்டைப் பிரீமியமாகக் கட்டுகிறார். மிச்சப் பிரீமியத்தை மாநிலமும் மத்திய அரசும் தர வேண்டும். பயிர் அழிந்தால் பயிர் அறுவடைப் பரிசோதனையின் விளைச்சல் கணக்கு வர வேண்டும். அதில் நிறுவனம் தகராறு எழுப்பக் கூடாது. பிறகுதான் வங்கிக்குப் பணம். இழப்பீடு வராதபோது வேளாண் அலுவலகத்தில் கேட்டால் நிறுவனத்தைக் கேட்கச் சொல்வார்கள். நிறுவனம் மாநிலப் பங்கு வரவில்லை என்னும். மாநிலம் விளைச்சல் கணக்கைக் கை காட்டும். ஒவ்வொருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

இதே திட்டத்தில்தான் ஒரு மாற்றும் முளைத்தது. 2018-இல் திருத்திய விதிகள், கெடுவைத் தாண்டிய நிறுவனத்துக்கும், தன் பங்கைப் பிந்தித் தரும் மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி விதித்தன. தாமதத்துக்கு விலை வைத்து, அதை யார் தர வேண்டும் என்றும் எழுதிவைத்த அரிய ஏற்பாடு இது. மாநிலத்துக்கு மாநிலம் செயலாக்கம் வேறுபடுவதால் அதன் முழுப் பயனை இப்போதே சொல்லிவிட முடியாது.

எந்தக் கட்டத்தை அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 15 நாளுக்குள் கூலி தராவிட்டால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்ற விதி இருந்தது. ஆனால் மாநிலம் ஊதிய ஆணை அனுப்பும்வரையான நாள்களையே கணினி எண்ணியது. அதன்பின் மத்திய அரசு பணம் போடும்வரை ஆன நாள்கள் கணக்கில் இல்லை. ஆய்வாளர்கள் இதை வெளிக்கொணர்ந்த பின், 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதமும் அரசின் பொறுப்பே என்றது. கடிகாரத்தை யார் வடிவமைக்கிறாரோ அவருடைய தாமதம் அதில் தெரியாமல் போகக்கூடும் என்ற பாடம் மற்றத் துறைகளுக்கும் பொருந்தும். தேசிய நீதித்துறைத் தரவுத் தளம் வழக்கின் வயதையும் கட்டத்தையும் காட்டுகிறது. அரசுத் தரப்பு எத்தனை வாய்தா வாங்கியது என்பதை அதிலிருந்து எளிதில் பிரித்தறிய இயலாது.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எளிய சோதனை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். நாளுக்கு 131 ரூபாய். தடை எந்த நாளில் தொடங்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி, பயனாளிப் பட்டியலும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியிருந்தும் அடுப்பெரியாத நாளில் வராமல் பிந்தி வருகிறது என்ற புகார் மீனவர் சங்கங்களிடமிருந்து எழுந்துகொண்டே இருக்கிறது. ஆண்டு முடிவில் எடுத்த கணக்கில் தொகை முழுவதும் வழங்கப்பட்டதாகவே இருக்கும். பிந்தியது கணக்கில் ஏறாது.

தீராத கேள்விகளும் ஒரு மதிப்பீடும்

மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. நீதித்துறையின் சுதந்திரத்தைக் குலைக்காமல் அதன் நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது எப்படி என்பது முதலாவது. தீர்ப்பின் உள்ளடக்கம் வேறு, பணியிடம் நிரப்புவதும் வழக்குப் பட்டியலிடுவதும் வேறு என்று பிரிக்கலாம் என்போர் உண்டு. அந்தக் கோட்டை அரசு தனக்குச் சாதகமாக இழுக்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. இரு தரப்பு வாதத்துக்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது.

கூட்டாட்சியில் பகிர்ந்த செலவுக்குப் பொறுப்பைப் பகிர்வது எப்படி என்பது இரண்டாவது. மத்திய அரசின் பெயரைத் தாங்கிய திட்டத்தில் மாநிலம் 40 விழுக்காடு போடும்போது, வெற்றிக்கு இருவரும் உரிமை கொண்டாடுவதும் தோல்வியை மற்றவர் தலையில் போடுவதும் கட்சி வேறுபாடின்றி நடக்கின்றன. தாமதத்துக்குத் தண்டம் விதித்தால் அதிகாரிகள் பொய்யான தேதி எழுதுவார்களா, அல்லது எளிய மனுக்களை மட்டும் முடித்துக் கணக்குக் காட்டுவார்களா என்பது மூன்றாவது. 2010-இல் மத்தியப் பிரதேசம் தொடங்கிப் பல மாநிலங்கள் இயற்றிய சேவை உரிமைச் சட்டங்களின் அனுபவம் இதில் இரு பக்கமும் பேசுகிறது.

இருப்பதை வைத்து இவ்வளவு சொல்லலாம். நூறாண்டுப் பரிந்துரைகளில் புதிய நிறுவனங்களுக்குக் குறைவில்லை; ஒவ்வொரு கட்டமும் யார் கையில், எத்தனை நாளாக இருக்கிறது என்பதைப் பொதுவில் காட்டும் ஏற்பாடுகளுக்குத்தான் குறை. காப்பீட்டு வட்டி விதியும், வேலை உறுதிச் சட்டத்தின் இழப்பீட்டு விதியும் முழுமையற்றவை. ஆனாலும் ஒதுக்கீட்டுத் தொகையைச் சொல்லித் தப்பிக்க அவை இடம் கொடுப்பதில்லை. அதே அளவுகோலை நீதிபதி நியமனக் கோப்புக்கும், அரசுத் தரப்பு வாய்தாவுக்கும், தடைக்கால நிவாரணத்துக்கும் நீட்டிப்பதற்குச் சட்டத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. தங்கள் தாமதமும் அந்தப் பட்டியலில் ஏறும் என்பதை மத்திய அரசு, மாநில அரசு, நீதித்துறை மூன்றும் ஒருசேர ஏற்க வேண்டியிருக்கிறது. இதுவரை மூன்றில் எதுவும் தானாக முன்வந்து அதை ஏற்கவில்லை.